பழி யார் மேல்? கதை சொல்லும் அங்கத ஓவியங்கள்

லண்டனில் ஒரு சத்திரத்து முற்றம். யார்க் நகரத்திலிருந்து வந்த வண்டியை விட்டு ஒரு கிராமத்துப் பெண் இப்போதுதான் இறங்கி நிற்கிறாள். கையில் கத்தரிக்கோலும் ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தையும் தொங்குகின்றன. தையல் வேலை தேடி வந்தவள். பக்கத்துக் கூடையில் ஒரு வாத்து இருக்கிறது. பட்டணத்து உறவினருக்குக் கொண்டுவந்த அந்த அன்பளிப்பின் கழுத்தில் எழுத்துப் பிழைகள் மலிந்த ஒரு முகவரிச் சீட்டு. உறவினர் வரவில்லை. வந்திருப்பவள் பட்டு உடுத்தி, முகத்தில் கறுப்புப் பொட்டுகள் ஒட்டிய நடுவயதுக்காரி. அவள் பெண்ணின் மோவாயைத் தொட்டு, சந்தையில் மாடு பிடிப்பவரைப் போல எடை போடுகிறாள். பின்னால் வாசற்படியில் ஒரு கனவான், கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிரைமேல் ஒரு பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு கடிதம். கவனமெல்லாம் அதன் முகவரியில். அவருடைய குதிரை வைக்கோலுக்காகக் கழுத்தை நீட்ட, அடுக்கி வைத்த பாத்திரங்கள் சரிகின்றன. அவர் அதையும் கவனிக்கவில்லை.

வில்லியம் ஹோகார்த் 1732இல் வெளியிட்ட 'ஒரு விலைமகளின் பயணம்' என்ற ஆறு படத் தொடரின் முதல் படம் இது. பெண்ணின் பெயர் மால் ஹாக்கபவுட். ஆறாவது படத்தில் அவள் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். பெட்டியின் மேலுள்ள தகடு அவள் வயது 23 என்கிறது.

சிரிப்பையும் கதையையும் ஓவியத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சமூகத்தை விசாரணைக்கு நிறுத்தும் ஒரு கலைவகை இந்தப் படத்தோடு ஐரோப்பாவில் முழு உருவம் பெற்றது. அதற்கு முன்பும் விதைகள் இருந்தன. பீட்டர் புரூகெல் 1559இல் நூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகளை ஒரே கிராமத்துக் காட்சியாகத் தீட்டினார். டச்சு ஓவியர் யான் ஸ்டீன் குடித்துக் கும்மாளமிடும் குடும்பங்களை வரைந்து, பெரியவர்கள் செய்வதைக் குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டினார். இத்தாலியில் விலைமகளிர் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் அச்சுத்தாள்கள் விற்றன. ஆனால் தன் காலத்துத் தெரு, தன் காலத்துக் குற்றவாளி, தன் காலத்து நீதிபதி என எல்லாரையும் அடையாளம் தெரியும்படி ஒரு தொடர்கதைக்குள் கொண்டுவந்தவர் ஹோகார்த். இந்த வகைக்கு அவர் வைத்த பெயர் 'நவீன அறப் பொருள்கள்'.

இந்தக் கலை பற்றி நெடுநாளாக ஒரு கேள்வி இருந்து வருகிறது. இது சமூகத்தைத் திருத்துகிறதா, அல்லது திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு விழுந்தவரை மேலும் மிதிக்கிறதா? ஹோகார்த்தின் சொந்தப் படைப்புகளிலேயே இரண்டுக்கும் சாட்சி உண்டு. பழியைப் படம் எங்கே வைக்கிறது என்று பார்த்தால் விடை தெளிவாகும்.

கடனாளியின் மகன்

ஹோகார்த் 1697 நவம்பர் 10 அன்று லண்டனின் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு லத்தீன் வாத்தியார். வாடிக்கையாளர்கள் லத்தீனில் உரையாடுவதற்கென்றே ஒரு காபிக்கடை திறந்தார், அது நொடித்துப்போனது. கடன்காரர்கள் வழக்குப் போட, குடும்பம் ஃப்ளீட் கடன் சிறையின் எல்லைக்குள் சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. பள்ளிப் பருவத்தில் கண்ட அந்தச் சிறை பிற்பாடு அவர் ஓவியத்தில் இடம்பெற்றது.

எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளிப் பாத்திரச் செதுக்குக்காரரிடம் அவர் தொழில் பழகினார். தட்டுகளிலும் கிண்ணங்களிலும் குலச்சின்னம் பொறிக்கும் வேலை. அங்கே பிடித்த உளி பிறகு செப்புத்தகட்டுக்கு மாறியது. செப்புத்தகட்டில் கோடு கீறி, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். ஒரே தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தாள்கள் எடுக்கலாம். ஓவியம் ஒரு பிரபுவின் சுவரில் தொங்கும். அச்சுப்படமோ கடை ஜன்னலிலும் காபிக்கடையிலும் மதுக்கடையிலும் தொங்கும். வாங்க வசதியில்லாதவரும் நின்று பார்க்கலாம்.

'விலைமகளின் பயணம்' ஒரு தொகுதி ஒரு கின்னி, அதாவது 21 ஷில்லிங். முன்பணம் கட்டிய சந்தாதாரர்கள் 1,200க்கு மேல். ஒரு புரவலரின் தயவு இல்லாமல், முகம் தெரியாத ஆயிரம் பேரின் பணத்தில் ஓவியர் பிழைக்கலாம் என்று இது காட்டியது. அரசவைக்கோ திருச்சபைக்கோ தலைவணங்க வேண்டியிராத ஓவியரே அவர்களை வரைந்து கேள்வி கேட்க முடியும். அங்கதத்துக்கு வேண்டிய முதல் சுதந்திரம் வருமானத்தில் தொடங்குகிறது.

வெற்றியோடு திருட்டும் வந்தது. கடைக்காரர்கள் படங்களை நகலெடுத்து மலிவாக விற்றார்கள். ஹோகார்த்தும் அவருடைய சக ஓவியர்களும் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டு, 1735இல் அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டுப் பதிப்புரிமை தரும் சட்டத்தை வாங்கினார்கள். மக்கள் அதை ஹோகார்த் சட்டம் என்றே அழைத்தார்கள். அடுத்த தொடரான 'ஓர் ஊதாரியின் பயணம்' தயாராகியிருந்தும், சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவர் அதை வெளியிடவில்லை.

விழுந்தவளைச் சுற்றி நிற்பவர்கள்

மாலின் கதையை மேலோட்டமாகச் சொன்னால் அது ஒரு நீதிக்கதை: கிராமத்துப் பெண் வழி தவறினாள், அழிந்தாள். படங்கள் சொல்லும் கதை வேறு.

மோவாயைத் தொடுகிறவளை லண்டன்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்கள். அவள் எலிசபெத் நீதம்; விபசார விடுதி நடத்தியவள். 1731இல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் பூட்டப்பட்டு, கூட்டம் எறிந்த கல்லடிபட்டு, அதன் விளைவாக இறந்தவள். வாசற்படியில் நிற்பவர் கர்னல் பிரான்சிஸ் சார்ட்டரிஸ். தன் வீட்டு வேலைக்காரி ஆன் பாண்டை வன்புணர்ந்த குற்றத்துக்காக 1730இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அரச மன்னிப்பு கிடைத்தது. தரகு வேலை செய்தவள் செத்தாள், வாங்கிய பணக்காரர் வெளியே வந்தார். அதே இருவரை ஹோகார்த் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்துகிறார்.

மூன்றாவது படத்தில் மாலைப் பிடிக்க வரும் நீதிபதி சர் ஜான் கான்சன்; விலைமகளிரை வேட்டையாடிப் பெயர் வாங்கியவர். நான்காவது படத்தில் பிரைட்வெல் சிறை. நல்ல உடையோடு வந்து சேர்ந்த மால் மரச் சுத்தியலால் சணல் அடிக்கிறாள். சிறைக்காவலன் பிரம்பை ஓங்க, ஒருத்தி அவள் உடையில் கைவைத்து நல்லதைக் கவரப் பார்க்கிறாள். ஐந்தாவதில் மால் சாகிறாள். அருகிலேயே இரண்டு வைத்தியர்கள், யாருடைய மருந்து உயர்ந்தது என்று நாற்காலி கவிழச் சண்டையிடுகிறார்கள். ஒரு பெண் பெட்டியைத் திறந்து துணிகளைக் கிளறுகிறாள். ஆறாவதில் சவப்பெட்டியின் மூடி குடிக்கிறவர்களுக்கு மேசையாகிவிட்டது. சடங்கு நடத்த வந்த பாதிரியாரின் கை பக்கத்துப் பெண்ணின் பாவாடைக்குள் இருக்கிறது. மறுகையிலுள்ள கோப்பை சரிந்து சாராயம் சிந்துகிறது. பெட்டிக்குக் கீழே மாலின் சிறு மகன், துக்க உடையில், பம்பரத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் பாதிரியார் இருக்கிறார். ஒருவர் பார்க்கவில்லை, மற்றவர் பார்த்தும் பங்குகொண்டார். நீதி, மருத்துவம், சமயம், சிறை எல்லாமே மாலின் வாழ்க்கைக்குள் வருகின்றன. அவளைக் காப்பாற்ற ஒன்றுமே வரவில்லை. சிரிப்பு வரவழைக்கும் ஒவ்வொரு விவரமும், நாற்காலி, கோப்பை, பம்பரம், பழியை அவளிடமிருந்து எடுத்து அவளைச் சுற்றி நிற்பவர்கள் மேல் வைக்கிறது.

மற்றவர்களின் ஓவியங்களைப் பார்க்கிறோம், ஹோகார்த்தின் படங்களைப் படிக்கிறோம் என்ற கருத்தை 1811இல் சார்லஸ் லாம் எழுதினார். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் லிக்டன்பெர்க் இந்தப் படங்களுக்கு 1790களில் நீண்ட உரை எழுதினார். நம் மரபில் செய்யுளுக்கு உரையாசிரியர்கள் சொல் சொல்லாகப் பொருள் கண்டதைப் போல அவர் ஒவ்வொரு பூனைக்கும் உடைந்த கோப்பைக்கும் பொருள் கண்டார்.

ஊதாரியும் திருமணமும்

'ஊதாரியின் பயணம்' எட்டுப் படங்கள் கொண்டது. கஞ்சனின் மகன் டாம் ரேக்வெல் அப்பன் சேர்த்த சொத்தை அழிக்கிறான். கர்ப்பமாக்கிய சாரா யங்கைக் காசு கொடுத்து விலக்கப் பார்க்கிறான். பணத்துக்காக ஒற்றைக்கண் கிழவியை மணக்கிறான், அதையும் சூதில் தொலைக்கிறான். ஏழாவது படத்தில் ஹோகார்த்தின் தந்தை இருந்த அதே ஃப்ளீட் சிறை. எட்டாவதில் பெட்லம் மனநோய் விடுதி.

அந்த எட்டாவது படத்தில் கண் நிலைக்க வேண்டிய இடம் டாம் அல்ல. அவன் தரையில் அரை நிர்வாணமாகச் சங்கிலியோடு கிடக்கிறான், சாரா அழுகிறாள். பின்னால் பட்டாடை உடுத்திய இரண்டு பெண்கள் விசிறியோடு நிற்கிறார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர், பார்வையாளர்கள். அக்காலத்தில் பெட்லத்தைச் சுற்றிப் பார்ப்பது லண்டன்காரர்களின் பொழுதுபோக்கு. அந்த இரு பெண்களும் படம் பார்ப்பவரின் இடத்திலேயே நிற்கிறார்கள். ஒருவனுடைய சீரழிவை வேடிக்கை பார்க்கக் காசு கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர், இந்தத் தொகுதியை வாங்கியவரும்தான் என்ற உறைப்பு அதில் இருக்கிறது. இந்த ஓவியங்கள் இன்று லண்டன் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

1743 முதல் 1745 வரையிலான காலத்தில் உருவான 'நாகரிகத் திருமணம்' என்ற ஆறு ஓவியத் தொடர் மேல்தட்டைக் குறிவைத்தது. கடனில் மூழ்கிய பிரபு ஸ்குவாண்டர்ஃபீல்டு, மாளிகையைக் கட்டி முடிக்கப் பணம் தேடுகிறார். பணக்கார வணிகருக்குப் பட்டம் வேண்டும். பிரபு வாதநோய்க் காலைக் கட்டுப்போட்டு நீட்டியபடி, வெற்றிவீரன் வில்லியத்தில் தொடங்கும் தம் குலமரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். மாப்பிள்ளை கண்ணாடியில் தன் அழகைப் பார்க்கிறான். மணப்பெண் மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்து விளையாடுகிறாள். வழக்கறிஞர் சில்வர்டங் அவள் காதோரம் பேசுகிறார். கீழே ஒரே சங்கிலியில் பூட்டப்பட்ட இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கின்றன.

முடிவில் கணவன் கத்திக்குத்தில் சாகிறான், கொன்ற வழக்கறிஞர் தூக்கில் தொங்குகிறார், மனைவி நஞ்சு குடிக்கிறாள். உயிர் பிரியும் மகளின் விரலிலிருந்து தந்தை மோதிரத்தைக் கழற்றுகிறார். தற்கொலை செய்துகொண்டவரின் உடைமை அரசுக்குப் போய்விடும் என்ற கவலை அவருக்கு. நோயை மரபாகப் பெற்ற குழந்தையைச் செவிலி தாயின் முகத்தருகே நீட்டுகிறாள். திருமணத்தை வியாபாரமாக்கும் எந்த ஊரிலும் இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இத்தொடரின் சந்தாச் சீட்டுக்கென்றே 1743இல் ஹோகார்த் நூறு முகங்கள் கொண்ட ஒரு படம் செதுக்கினார். மூக்கையும் காதையும் ஊதிப் பெருக்கும் கேலிச்சித்திரம் வேறு, மனிதரின் குணத்தை முகத்தில் கொண்டுவருவது வேறு, தான் செய்வது இரண்டாவது என்பது அதன் வாதம். ஓவியச் சந்தை அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. ஆறு ஓவியங்களும் 1751 ஏலத்தில் வெறும் 120 கின்னிக்குப் போயின. 1824இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் எந்தச் சேகரிப்போடு தொடங்கப்பட்டதோ அந்த ஆங்கர்ஸ்டைன் சேகரிப்பில் அவை இருந்தன. இன்றும் அங்கேயே உள்ளன.

ஜின் சந்தும் குடிப்புட்டியும்

1751 பிப்ரவரியில் ஹோகார்த் இரண்டு தனிப்படங்களை வெளியிட்டார்: 'பீர் தெரு', 'ஜின் சந்து'. விலை ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங்.

ஜின் அன்றைய லண்டனின் கொள்ளைநோய். தானியத்தில் வடித்த மலிவுச் சாராயம் பெட்டிக்கடையிலும் தள்ளுவண்டியிலும் கிடைத்தது. 1734இல் ஜூடித் டுஃபோர் என்ற பெண், தன் சின்னஞ்சிறு மகளைக் கொன்று, குழந்தைக்குப் போட்டிருந்த புதுத்துணியை விற்று ஜின் வாங்கிக் குடித்தாள். 1736இல் அரசு விற்பனை உரிமத்துக்கு 50 பவுண்டு என்று விதித்துப் பார்த்தது. கள்ளச்சந்தை பெருகியது, கலவரம் வந்தது, 1743இல் சட்டம் கைவிடப்பட்டது. 1751 ஜனவரியில் நாவலாசிரியரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங், கொள்ளைகள் பெருகுவதன் காரணங்களை ஆராய்ந்து எழுதிய நூலில் ஜின்னைச் சாடினார். அடுத்த மாதம் அவருடைய நண்பர் ஹோகார்த்தின் படம் வந்தது. அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் புதிய ஜின் சட்டம் இயற்றிச் சில்லறை விற்பனையைக் கட்டுப்படுத்தியது. நுகர்வு பிறகு குறைந்தது. சட்டத்தோடு, 1750களின் பிற்பகுதியில் விளைச்சல் பொய்த்ததால் தானியத்தில் சாராயம் வடிக்க விதித்த தடைக்கும் அதில் பங்குண்டு.

படத்தின் நடுவே படிக்கட்டில் ஒருத்தி. கால்களில் புண். மூக்குப்பொடி எடுக்கும் சுகத்தில் கைநழுவிய குழந்தை தலைகீழாக விழுகிறது, அவள் சிரிக்கிறாள். பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அவளைத் தாண்டிப் போனால் ஓர் அடகுக்கடை தெரியும். தச்சன் ரம்பத்தையும், குடும்பப்பெண் அடுப்புப் பாத்திரத்தையும் அடகு வைக்கிறார்கள். தொழிற்கருவி போனால் நாளைய கூலியும் போயிற்று. தர்மப் பள்ளியின் அடையாளச் சின்னம் அணிந்த சிறுமிகள் ஜின் குடிக்கிறார்கள். அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு திருச்சபை நிர்வாகத்துடையது. வீடுகள் இடிந்து விழுகின்றன. வெகு தொலைவில், புகைக்கு அப்பால், புளூம்ஸ்பரி தேவாலயத்தின் கோபுரம். அதன் உச்சியில் மன்னர் முதலாம் ஜார்ஜின் சிலை. மன்னரும் திருச்சபையும் இந்தச் சந்திலிருந்து அவ்வளவு தூரத்தில்!

இந்த விவரங்களின் அருமையைப் பிற்காலத்தில் சரியாக உணர்ந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1847இல் ஜார்ஜ் குரூக்ஷாங்க் 'புட்டி' என்ற எட்டுப் படத் தொடரை வெளியிட்டார். நல்ல குடும்பம், அப்பா வேடிக்கையாக ஒரு கோப்பை ஊற்றுகிறார், வேலை போகிறது, சாமான்கள் போகின்றன, குழந்தை சாகிறது, கடைசியில் அதே புட்டியால் மனைவியை அடித்துக் கொன்று பைத்தியமாகிறார். மதுவிலக்கு இயக்கத்தின் பெரும் ஆயுதமாக அது நாடெங்கும் பரவியது. வரைந்த குரூக்ஷாங்க் தாமும் குடியை அடியோடு விட்டு, அந்த இயக்கத்தின் மேடைப் பேச்சாளரானார். 1848இல் 'குடிகாரனின் குழந்தைகள்' என்று அடுத்த தொடர் வந்தது.

அதற்கு டிக்கன்ஸ் எழுதிய மதிப்புரையில் ஓவியரின் திறமையைப் பாராட்டிவிட்டு, அடிப்படையில் ஒரு குறை கண்டார். குடி வானத்திலிருந்து குதிக்கவில்லை. வறுமை, காற்றில்லாத நாற்ற வீடு, கல்வியின்மை, ஓய்வில்லாத உழைப்பு இவையெல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. காரணத்தைக் காட்டாமல் விளைவை மட்டும் காட்டுவது பாதி உண்மை என்பது அவர் கருத்து. ஹோகார்த் 'ஜின் சந்தில்' இடிந்த வீடுகளையும் எட்டாத கோபுரத்தையும் வரைந்து காரணத்தையும் காட்டிவிட்டார் என்று சுட்டிக்காட்டினார். கதை சொல்லும் அங்கத ஓவியத்தை மதிப்பிட இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

ஹோகார்த்தே தவறிய இடங்கள்

அதே உரைகல்லில் ஹோகார்த்தை உரசினால் எல்லாப் படைப்பும் தேறாது.

1747இல் வந்த 'உழைப்பும் சோம்பலும்' 12 படங்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரிடம் இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். ஃபிரான்சிஸ் குட்சைல்டு உழைத்து, முதலாளி மகளை மணந்து, லண்டன் மேயராகிறான். டாம் ஐடில் தறியில் தூங்கி, திருடி, டைபர்ன் தூக்குமேடையில் முடிகிறான். ஒவ்வொரு படத்தின் கீழும் விவிலிய வசனம். முதலாளிகள் வாங்கித் தங்களிடம் தொழில் பழகும் பையன்களுக்குக் கொடுக்க வசதியாக, தொகுதி 12 ஷில்லிங் மட்டுமே.

கூலி என்ன, வேலைநேரம் என்ன, ஐடிலின் அம்மா எப்படிப் பிழைத்தாள் என்ற கேள்விகள் இங்கே இல்லை. குட்சைல்டு நீதிபதி இருக்கையிலிருந்து பழைய தோழனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதும் படத்தில், சத்தியப் பிரமாணம் செய்விக்கும் எழுத்தர் கையூட்டு வாங்குவதையும், விருந்துப் படத்தில் நகரப் பெரியவர்கள் வயிறு புடைக்கத் தின்பதையும் ஹோகார்த் வரையாமல் விடவில்லை. அவர் கண் அவர் சொல்லவந்த பாடத்தைவிடக் கூர்மையானது. ஆனாலும் தொடரின் கட்டுமானம் பழியை ஒற்றைப் பையனின் சோம்பல்மேல் போட்டுவிட்டு முடிந்துவிடுகிறது. முதலாளி கையில் அது பிரம்பாகிவிடும்.

1751இல் வந்த 'கொடுமையின் நான்கு நிலைகள்' இதைவிட நேர்மையானது. டாம் நீரோ சிறுவயதில் நாயைச் சித்திரவதை செய்கிறான், வளர்ந்து வண்டிக்காரனாகிக் குதிரையை அடிக்கிறான், காதலியைக் கொல்கிறான், தூக்கிலிட்ட பின் மருத்துவர்களின் மேசையில் அவன் உடல் அறுபடுகிறது. முதல் படத்தில் நீரோவின் தோளில் புனித கைல்ஸ் பங்கின் தர்மப் பள்ளிச் சின்னம் இருக்கிறது. வளர்க்க வேண்டியவர்கள் வளர்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி. இரண்டாவதில் குதிரை விழுந்ததற்குக் காரணம் வண்டியின் பாரம்: கூலியை மிச்சம் பிடிக்க நான்கு வழக்கறிஞர்கள் ஒரே வண்டிக்குள் நெருக்கியடித்து ஏறியிருக்கிறார்கள். ஏழைகள் கையில் இந்தப் படங்கள் சேர வேண்டும் என்று மரக்கட்டை அச்சில் மலிவுப் பதிப்பு கொண்டுவர ஹோகார்த் முயன்றார். செலவு கட்டுப்படியாகாமல் இரண்டு கட்டைகளோடு அது நின்றது. யாருக்குச் சொல்ல வந்ததோ அவர்கள் கைக்கு எட்டாமல் போவது இந்தக் கலையின் பழைய சிக்கல்.

அடுத்த குறை, வேற்றினத்தாரை வரைந்த விதம். 'விலைமகளின் பயணம்' இரண்டாவது படத்தில் வரும் யூத வணிகர் அக்கால யூத வெறுப்புக் கண்ணோட்டத்தில் பிறந்த உருவம். அவரோடு அங்கே தலைப்பாகை அணிந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் வேலையாளாக நிற்கிறான். 'நாகரிகத் திருமணத்தில்' இன்னொரு சிறுவன் கொம்பு முளைத்த பொம்மையைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். அடிமை வணிகம் கொழித்த ஊரில் அந்தப் பிள்ளைகள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதை யாரும் நெடுங்காலம் கேட்கவில்லை. கயானாவில் பிறந்த எழுத்தாளர் டேவிட் டபிடீன் 1980களில் 'ஹோகார்த்தின் கறுப்பர்கள்' என்ற நூலில் அதைக் கேட்டார். எசமானர்களின் ஒழுக்கக்கேட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கண்கள் அவர்களுடையவை என்று அவர் நிறுவினார்.

கடலுக்கு அப்பாலும் வங்கத்திலும்

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வசை மொழிவது செம்பொருள். பழியை மறைத்து மொழிவது பழிகரப்பு. ஓவியர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அவருடைய நாட்டின் ஆட்சி பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

ஸ்பெயினில் சமய விசாரணை மன்றம் இன்னும் உயிரோடிருந்தது. ஆகவே ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' 80 படங்களும் பழிகரப்பு. எழுத்துச் சொல்லித்தரும் கழுதை, தன் குலமரத்தைப் புரட்டும் கழுதை, சாகக் கிடப்பவரின் நாடி பிடிக்கும் கழுதை. யாரையும் பெயர் சொல்லவில்லை. அவர் வீடிருந்த தெருவில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் விற்பனை நடந்தது. சில நாட்களிலேயே நின்றும்போனது. 1803இல் தகடுகளை அரசரிடமே ஒப்படைத்துவிட்டார்.

பிரான்சில் டோமியே செம்பொருளில் இறங்கினார். மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக மன்னர் லூயி பிலிப்பை வரைந்ததற்கு 1832இல் ஆறு மாதச் சிறை. 1834 ஏப்ரலில் பாரிஸ் டிரான்ஸ்னோனேன் தெருவில் படையினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து மக்களைக் கொன்றபோது, படுக்கையறைத் தரையில் குழந்தைமேல் விழுந்து கிடக்கும் ஒரு மனிதரின் உடலை வரைந்தார். அதில் அங்கதம் கூட இல்லை. அடுத்த ஆண்டு தணிக்கைச் சட்டம் வந்ததும் அரசியல் படங்கள் நின்றன. உடனே அவர் ரோபர் மக்கேர் என்ற மோசடிக்காரனைத் தொடர் நாயகனாக்கினார். அவன் வங்கியாளனாக, வழக்கறிஞனாக, மருத்துவனாக வேடம் மாற்றிக்கொண்டே போக, ஆளும் வர்க்கத்தின் பித்தலாட்டம் முழுவதும் அந்த ஒருவன் வழியாக வெளியே வந்தது.

இந்தியாவில் இதற்கு ஈடான எடுத்துக்காட்டு கல்கத்தாவின் காளிகாட் கோயிலடியில் கிடைக்கிறது. யாத்ரீகர்களுக்குச் சாமிப் படம் வரைந்து விற்ற படுவா ஓவியர்கள், ஆலைக் காகிதத்தில் சில வீச்சுகளில் படம் முடித்தார்கள்; விலை சில காசு. வார்னிஷ் செருப்பும் வழித்து வாரிய தலையுமாக ஆசைநாயகியின் காலடியில் கிடக்கும் பாபு, நெற்றியில் நாமத்தோடு வாயில் இறால் கவ்விய பூனை எனப் பட்டணத்து வேஷங்களை அவர்கள் தோலுரித்தார்கள். 1873இல் தாரகேசுவரக் கோயில் தலைவரான மகந்து, அரசு ஊழியரான நொபினின் இளம் மனைவி எலோகேசியைக் கெடுத்தார். நொபின் அரிவாள்மனையால் அவளைக் கொன்றான். ஓவியர்கள் அதைக் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள்: சந்திப்பு, கொலை, நீதிமன்றம், மகந்து சிறையில் செக்கிழுப்பது வரை. மகந்துக்கு மூன்றாண்டுச் சிறை; ஆயுள் தண்டனை பெற்ற நொபின் மக்கள் மனுக்களால் 1875இல் விடுதலையானான்.

கோயில் அதிகாரத்தைச் சந்தியில் நிறுத்திய துணிச்சல் பெரிது. ஆனால் கொன்றவன்மேல் இரக்கம் திரண்ட அளவுக்குக் கொல்லப்பட்டவள்மேல் திரளவில்லை. மாலின் சவப்பெட்டியை வரைந்தவர் கேட்ட கேள்வியை எலோகேசிக்காக அந்தப் படங்கள் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது

ஹோகார்த் 1764 அக்டோபரில் இறந்தார். 1767இல் நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை 28 ஆண்டாக நீட்டி, அவர் மனைவி ஜேனுக்கு மட்டும் கணவரின் படங்கள்மேல் 20 ஆண்டுத் தனியுரிமை வழங்கியது. அவருடைய ஊதாரிக்குச் சாவே வரவில்லை. 1951இல் ஸ்டிராவின்ஸ்கி அவனை ஓபராவில் பாடவைத்தார். டேவிட் ஹாக்னி 1961-63இல் நியூயார்க்குக்கு அனுப்பி 16 படங்கள் செதுக்கினார். அதில் பெட்லம் என்பது, காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு ஒரே மாதிரி நிற்கும் இளைஞர் வரிசை. கிரேசன் பெர்ரி 2012இல் ஆறு பெரிய திரைச்சீலைகளில் டிம் ரேக்வெல் என்ற புதுப்பணக்காரனின் கதையை நெய்தார்.

இந்தக் கலை உலகத்தைத் தனியாக மாற்றிவிடவில்லை. ஹோகார்த்தே அதை அறிந்திருந்தார். அதனால்தான் உளியோடு நிற்காமல், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் 1739இல் அரச சாசனம் பெற்று நிறுவிய காப்பகத்தின் நிர்வாகிகளில் ஒருவராகவும் உழைத்தார். மாலின் சவப்பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சிறுவனைப் போன்றவர்களுக்கான இடம் அது.

குடி, வரதட்சணை, சாதி என இன்று விழிப்புணர்வுப் படம் வரைபவர்களும் குறும்படம் எடுப்பவர்களும் மாலின் கதையைச் சொல்லும் ஆறு படங்களையும் ஒருமுறை வரிசையாகப் படிக்க வேண்டும். விழுந்தவரை வரைவது எளிது. அவரைச் சுற்றி நின்றவர்களைப் பெயரோடு, முகத்தோடு, கையிலுள்ள கடிதத்தோடு வரைவதற்கே துணிவு வேண்டும்; அந்தத் துணிவில் 'விலைமகளின் பயணம்' தான் ஹோகார்த்தின் உச்சம். அதன் மூல ஓவியங்கள் ஆறும் 1755இல் ஃபான்ட்ஹில் மாளிகையில் பிடித்த தீயில் எரிந்துபோயின. ஒரு கின்னிக்கு விற்ற அச்சுத்தாள்கள் தப்பின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.